டிக்கெட் இல்லாத விருந்தாளிகள்

செக்கர் வீட்டு சோபாவில் அன்று காலை மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஓரத்தில் மடியில் பெட்டியோடு ஒருவர், நடுவில் சால்வை போர்த்திய ஓர் அம்மாள், இந்தப் பக்கம் தொப்பி வைத்த ஒல்லியான ஆள். வண்டி எப்போது கிளம்பும் என்று காத்திருப்பவர்களைப் போல மூவரும் எதிரில் இருந்த டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டி.வி. ஓடவில்லை. செக்கர் அவர்களைப் பார்த்து, "இருங்க, இருங்க" என்று கையமர்த்திவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்தார். அவர்கள் எழுந்திருக்கப் போவதில்லை என்று அவருக்குத் தெரியும். அவர்கள் அங்கே இல்லவே இல்லை என்பதும் தெரியும்.

ரயிலில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தெருவில் யாருக்கும் தெரியாது, செக்கர் என்றால் வீடு வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள். ஓய்வு பெற்ற பிறகு, இனி நிம்மதியாகக் காலை நீட்டலாம் என்று நினைத்தார். கால் வேறு மாதிரி நினைத்தது. முதலில் வலது கையில் நடுக்கம், பிறகு உடம்பெல்லாம் விறைப்பு. பார்க்கின்சன் என்று பெயர் சொன்னார்கள். அறைக்கு அறை நடக்கும்போது நிலைப்படியில் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். நட என்று இவர் உத்தரவு போடுவார், யாருக்கோ சொல்கிறார் என்று அது சும்மா இருக்கும். ஓடுகிற ரயிலில் கம்பியைக்கூடப் பிடிக்காமல் பெட்டி பெட்டியாக நடந்த மனிதர், சட்டைப் பொத்தானைப் போட மனைவியைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

அந்த மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். கற்றுக்கொள்பவர் பக்கம் ஒரு பிரேக்கும் அவள் பக்கம் ஒரு பிரேக்கும் வைத்த பழைய கார் ஒன்று அவளுக்கு உண்டு. ஊரில் பாதிப் பேர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வியர்த்துக் கொட்டியவர்கள். பிரேக்கம்மா என்று அவர்கள் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. செக்கருக்கு உடம்பு முடியாமல் போனதும் அவள் காருக்கு உறை போட்டு மூடிவிட்டு வீட்டோடு இருந்தாள். முணுமுணுத்தாளா என்றால் இல்லை. ஆனால் சோற்றைப் பிசையும்போதுகூட வலது காலால் தரையை அழுத்திக்கொண்டிருப்பாள். செக்கர் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

அப்போதுதான் நரம்பு டாக்டர் புது மாத்திரையை எழுதிக் கொடுத்தார். சின்னதாக, வெள்ளையாக, இதுவா என்னைத் தூக்கி நிறுத்தப்போகிறது என்று கேட்கத் தோன்றும்படி இருந்தது. நிறுத்திவிட்டது. சில வாரங்களில் செக்கர் தானே பொத்தான் போட்டார், தானே சவரம் செய்தார், காலை நேரத்தில் தன்னந்தனியாக ரயில் நிலையம் வரை போய்த் திரும்பினார். பிரேக்கம்மா காரின் உறையை உருவினாள். உருவிய வேகத்தில் பறந்த தூசியில் எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியார் தும்மினார்.

மாத்திரையைத் தரும்போதே டாக்டர் எச்சரித்திருந்தார். இது சிலருக்கு வேறு வேலையும் செய்யும் என்றார். பகலில் திடீரென்று தூக்கம் தள்ளும். இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரியலாம். சூதாட்டத்தில் ஆசை வரலாம், கண்டதையும் வாங்கத் தோன்றலாம், இருப்பதையெல்லாம் அள்ளிக் கொடுக்கத் தோன்றலாம். எது வந்தாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும், அளவைக் குறைத்துவிடலாம் என்றார். செக்கர் பயபக்தியோடு தலையாட்டினார். பிரேக்கம்மா அன்றிலிருந்து கணவரைத் துப்பறிய ஆரம்பித்தாள். அவர் ஒரே வாரத்தில் இரண்டு குடை வாங்கிவிட்டார் என்று அவரை விட்டு அரை நாள் கண்ணை எடுக்கவில்லை. முதல் குடையைக் கடையிலேயே மறந்து வைத்துவிட்டு வந்ததை ஒப்புக்கொண்ட பிறகுதான் விட்டாள்.

பெட்டிக்காரர் முதன்முதலாக வந்து உட்கார்ந்தபோது செக்கர் பயப்படவில்லை. பல வருடப் பழக்கம், வாய் தானாக, "டிக்கெட்?" என்று கேட்டது. பெட்டிக்காரர் அசையவில்லை. அங்கேதான் செக்கருக்குப் பிடி கிடைத்தது. அவருடைய அனுபவத்தில், டிக்கெட் என்று கேட்டால் கை பைக்குப் போகாத மனிதப் பிறவியே கிடையாது. டிக்கெட் எடுத்தவன் ஒரு பையைத் தொடுவான், எடுக்காதவன் எல்லாப் பையையும் தொடுவான், தூங்குகிறவன்கூடக் கண்ணைத் திறக்காமல் தடவுவான். சோபாக்காரருக்குக் கை மடியிலேயே கிடந்தது. ஆகவே ஆள் இல்லை, மாத்திரை.

அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்த எல்லோரிடமும் அவர் டிக்கெட் கேட்டார். பால் போடுகிறவரிடம் கேட்டார், பார்சல் கொண்டுவந்தவரிடம் கேட்டார். மனிதருக்கு உடம்பு தேறி நகைச்சுவையும் திரும்பிவிட்டது என்று அவர்கள் சந்தோஷப்பட்டார்கள். பார்சல்காரர் ஒரு நாள் பழைய பேருந்து டிக்கெட் ஒன்றை எடுத்து நீட்ட, செக்கர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்து, காலாவதியாகிவிட்டது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். வேலை முடிந்து வரும் பிரேக்கம்மாவோ கேள்வி காதில் விழுந்ததும் கைப்பையைப் பட்டென்று ஒரு தட்டு தட்டிவிட்டு உள்ளே போவாள். அந்தத் தட்டு கேட்டதும் இவருக்கு மனசு லேசாகிவிடும்.

டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், சொன்னால் மாத்திரையைக் குறைப்பார். குறைத்தால் கால் பழையபடி நிலைப்படியில் ஒட்டும், காருக்கு மறுபடி உறை விழும். சும்மா உட்கார்ந்திருக்கிற மூன்று பேருக்காக, அதுவும் காபிகூடக் கேட்காத மூன்று பேருக்காக, அவளை மறுபடி வீட்டில் கட்டிப்போடுவதா? செக்கர் வாயைத் திறக்கவில்லை. வேலையில் இருந்த காலத்தில் டிக்கெட் இல்லாத ஒருவரையும் அவர் விட்டதில்லை. இப்போது வீட்டிலேயே மூன்று பேரை ஓசியில் உட்கார வைத்திருந்தார்.

இப்படியே நாள் போயிருக்கும், அந்த நீலச்சட்டைக்காரன் மட்டும் வராமல் இருந்திருந்தால்.

பிரேக்கம்மா காலை வகுப்புக்குப் போயிருந்தாள். காற்றுக்காகக் கதவு திறந்து கிடந்தது. செக்கர் பின்பக்கம் முகம் கழுவிவிட்டு, துண்டால் துடைத்துக்கொண்டே கூடத்துக்கு வந்தார். நடுக்கூடத்தில் நீலச் சட்டை போட்ட நெட்டையான ஒருவன் நின்றிருந்தான். டி.வி.யை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டிருந்தான். செக்கரைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டான், முகம் வெளுத்துவிட்டது.

புது ஆளா இருக்கே என்று செக்கர் நினைத்தார். சோபா மூவரும் இருந்த இடத்தை விட்டு நகர்ந்ததில்லை, இவன் சாமான் தூக்குகிறான். மாத்திரை முன்னேறுகிறது போலிருக்கிறது. எதற்கும் முறைப்படி கேட்டுவிடலாம் என்று, "டிக்கெட்?" என்றார்.

திருடன் திருதிருவென்று விழித்தான். அவன் கை பைக்குப் போகவில்லை. எப்படிப் போகும்? இரண்டு கையிலும் டி.வி. இருக்கிறது. ஆனால் செக்கரின் சட்டத்தில் அதற்கு விதிவிலக்கு எழுதப்படவில்லை. கை போகவில்லை, ஆகவே ஆள் இல்லை. அவர் நிம்மதியாகப் போய், காற்றில் பாதி மூடிக்கிடந்த கதவை முழுக்கத் திறந்து பிடித்துக்கொண்டார். இல்லாதவனாக இருந்தாலும் வழியில் நிற்கிற பயணிக்கு ஒதுங்கி இடம் விடுவது தொழில் மரியாதை.

"படி இருக்கு, பாத்து எறங்குங்க" என்றார்.

நீலச்சட்டைக்காரன் பார்த்துத்தான் இறங்கினான். தெருமுனை வரைக்கும் நாலு தரம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். அவன் தொழிலில் இப்படி ஒரு வழியனுப்பு அவனுக்குக் கிடைத்திருக்காது.

செக்கர் வந்து உட்கார்ந்தார். சோபா மூவரும் சுவரைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார். சுவரில் டி.வி. இல்லை. சரிதான், இல்லாததைக் காட்டினது போக இருக்கிறதை மறைக்கவும் ஆரம்பிச்சாச்சா என்று எழுந்துபோய்த் தடவினார். விரலில் இரண்டு திருகாணிகள் தட்டுப்பட்டன. கீழே ஒயர் தொங்கியது. இன்னொரு தரம் தடவினார். அப்புறம்தான் நீலச்சட்டைக்காரன் நிஜம் என்று அவருக்குப் புரிந்தது.

பிரேக்கம்மா வந்தது அந்த நேரத்தில்தான். தோளில் கைப்பை, ஒரு கையில் கடைப் பை, ஒரு கையில் காரிலிருந்து கழற்றிய எல் போர்டு. வாசலில் வந்தவள் சுவரைப் பார்த்துவிட்டுச் சிலையாக நின்றாள். செக்கரின் வாய் வழக்கம்போல, "டிக்கெட்?" என்றது.  அவள் கை கைப்பைக்குப் போகவில்லை. வாயை லேசாகத் திறந்தபடி சோபாக்காரர்களைப் போலவே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். செக்கர் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு, இல்லாதவர்களிடமிருந்து திருப்பிக்கொள்வது போல, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"டி.வி. எங்கங்க?" என்றாள் அவள்.

சோபாக்காரர்கள் ஒரு நாளும் பேசினதில்லை. அப்படியானால் நிற்கிறவள் நிஜம் என்று செக்கருக்கு உறைத்தது. டி.வி. போனது மறந்துவிட்டது. இவளையா, இவளையா என்று உள்ளே ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தது. ஆனால் வெளியே அவர் சொன்னது, தூங்கிவிட்டேன், யார் வந்தார்கள் என்று தெரியவில்லை என்பதுதான்.

பொய் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. பிரேக்கம்மா கூப்பிட்டுப் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். பூட்டைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், எதிர்வீட்டைப் பார்த்தார். கணக்கு வாத்தியார் மாடியில் நாற்காலி போட்டுத் தெருவைத் திருத்துவதையே ஓய்வுகால வேலையாக வைத்திருப்பவர். தான் எல்லாவற்றையும் பார்த்ததாக அவர் உற்சாகமாகச் சொன்னார். டி.வி. ரிப்பேருக்குப் போகிறது என்று நினைத்தாராம். செக்கரே கதவைப் பிடித்துக்கொண்டு, படியில் பார்த்து இறங்கச் சொல்லி அனுப்பி வைத்தாராம். போலீஸ்காரர் பேனாவை மூடினார். குடும்ப விஷயத்தை வீட்டுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று பிரேக்கம்மாவிடம் நாசூக்காகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கதவு சாத்தியதும் விசாரணை ஆரம்பமானது. பிரேக்கம்மாவுக்குச் சந்தேகமே இல்லை, இது சூதாட்டம். டி.வி.யை விற்றாகிவிட்டது, அடுத்து மிக்ஸி, அதற்கடுத்து அவளுடைய கார். காலையில் ரயில் நிலையம் போகிறேன் என்று போய் எங்கே உட்கார்ந்து சீட்டாடுகிறீர்கள், யார் யார் கூட்டாளி என்று கேட்டாள். குடை விவகாரமும் மறு விசாரணைக்கு வந்தது.

செக்கர் விழி பிதுங்கி யோசித்தார். ஆமாம், சீட்டாடினேன் என்று ஒப்புக்கொண்டால்? டாக்டர் மாத்திரையைக் குறைப்பார். யாரோ கேட்டான், மனசு இளகித் தூக்கிக் கொடுத்துவிட்டேன் என்றால்? அதுவும் டாக்டர் சொன்னதில் இருக்கிறது, குறைப்பார். உண்மையைச் சொன்னால் கேட்கவே வேண்டாம். பொய் சொல்வதற்கும் ஒரு வழி விட்டுவைக்காமல் எல்லாக் கதவையும் அந்த டாக்டர் மாத்திரை தந்த அன்றைக்கே அடைத்துவைத்திருந்தார்.  பிரேக்கம்மா கார்ச் சாவியை எடுத்தாள்.

"ஏறுங்க" என்றாள்.

டாக்டரின் அறை சின்னது. மேசை மேல் மூளையின் பிளாஸ்டிக் பொம்மை ஒன்று இருந்தது, கழற்றி மாட்டுகிற மாதிரி. பிரேக்கம்மா உட்காருவதற்கு முன்பே, டி.வி.யை வித்துட்டார் டாக்டர் என்று ஆரம்பித்து மூச்சு விடாமல் வழக்கைச் சொல்லி முடித்தாள். டாக்டர் செக்கரைப் பார்த்தார். செக்கர் பிளாஸ்டிக் மூளையைப் பார்த்தார். அதனிடமே சொல்வது போல, சோபாவில் இருக்கிற மூன்று பேரில் ஆரம்பித்து நீலச்சட்டைக்காரன் வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

டாக்டருக்கு உதடு துடித்தது, ஆனால் அடக்கிக்கொண்டார். அவர்கள் பேசுவார்களா, பயமுறுத்துவார்களா என்று கேட்டார். சேச்சே, நல்ல மாதிரி ஜனங்கள் என்று செக்கர் பரிந்து பேசினார். டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். அது நிஜமில்லை என்று உங்களுக்கே தெரிகிற வரைக்கும் கொஞ்சம் விட்டுப்பிடிக்கலாம், ஆனால் இன்றைக்கு நிஜமான ஒருவனே வந்து நின்றும் தெரியவில்லையே என்றார். அளவைக் குறைக்காமல் முடியாது. குறைத்தால் விறைப்பு கொஞ்சம் திரும்பும், அதையும் சொல்லிவிடுகிறேன் என்றார்.

பிரேக்கம்மாவின் முகத்தில் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"எனக்குத் தெரியும் டாக்டர்" என்றாள். "சோபாவுல ஆள் இருக்கிறது எனக்கு முன்னாடியே தெரியும். அந்தப் பக்கம் போறப்போ யார் காலையோ மிதிச்சிடக் கூடாதுன்னு சுத்திப் போவாரு. நான் பாத்துட்டுப் பாக்காத மாதிரி இருந்தேன். கேட்டா சொல்லிடுவாரு. சொன்னா நீங்க கொறைச்சிடுவீங்க. எனக்கு வண்டிய விட மனசு வரல."

செக்கர் திரும்பி அவளைப் பார்த்தார். இத்தனை நாள் ஒரே வீட்டில் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் அதே மூன்று பேரைக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். அவருக்குச் சிரிப்பு வந்தது.

அவள் விடவில்லை. குறைக்க வேண்டாம் டாக்டர், இனிமேல் வெளியே பூட்டிக்கொண்டு போகிறேன், திருடன் எப்படி வருகிறான் பார்க்கலாம் என்றாள். காலையில் மட்டும் வந்து திறந்துவிடுகிறேன், அவர் நடந்துவிட்டு வரட்டும் என்றாள். ஏற்கெனவே எல்லாம் யோசித்து வைத்திருப்பவள் போல வேகமாகச் சொன்னாள்.

செக்கர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். 

"கொறைச்சிடுங்க டாக்டர்" என்றார். "இன்னிக்கு இவ வந்து வாசல்ல நின்னா. நான் இவளையும் இல்லைன்னு நெனைச்சிட்டேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். டி.வி. போகட்டும், கால்கூடப் போகட்டும். இவ நிக்கிறாளா இல்லையான்னு எனக்குச் சந்தேகம் வரக் கூடாது."

 பிரேக்கம்மா கைப்பையில் கைக்குட்டையைத் தேடினாள், கிடைக்கவில்லை, புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். டாக்டர் தேவையில்லாமல் பிளாஸ்டிக் மூளையை நேராக்கி வைத்தார். பிறகு எழுத ஆரம்பித்தார். நாளைக் காலையிலிருந்து இந்த அளவு, அடுத்த வாரம் அதிலும் கொஞ்சம் குறைத்து, என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

"டாக்டர்" என்றாள் பிரேக்கம்மா. "நாளைக்கு வேண்டாமே. நாளன்னிக்கு ஆரம்பிக்கலாமா?"

டாக்டர் நிமிர்ந்தார்.

"அவருக்குக் கால் வந்த நாள்லேருந்து நான் வண்டியிலதான் இருக்கேன். அவர் நடக்கிறதையே நான் சரியாப் பாக்கல. ஒரு நாள் அவர்கூட நடந்துட்டு வந்துடறேன்."

டாக்டர் எழுதியதை அடித்துத் திருத்தி எழுதினார்.

மறுநாள் காலை வகுப்புக்கு வர வேண்டியவர்களுக்கெல்லாம் பிரேக்கம்மா லீவு சொன்னாள். இரண்டு பேரும் ரயில் நிலையத்துக்குக் கிளம்பினார்கள். மாடியிலிருந்து கணக்கு வாத்தியார் எங்கே என்று கேட்டதற்கு, சீட்டாட என்று செக்கர் சொன்னார். அவர் கையை வீசி நடந்தார். தண்டவாளத்தை ஒட்டிய பாதைக்கு வந்ததும் இன்னும் வேகம் பிடித்தார். நாளையிலிருந்து இந்தக் கால் யார் பேச்சைக் கேட்குமோ, இன்றைக்குக் கேட்கிறது என்ற சந்தோஷம் அவருக்கு. வருடக்கணக்கில் காரிலேயே உட்கார்ந்து முட்டி தேய்ந்தவளால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. ஊரிலுள்ள கற்றுக்குட்டிகளுக்கெல்லாம் மெதுவா, மெதுவா என்று சொல்லியே தொண்டை வறண்டவள், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மூச்சு வாங்கப் பின்னாலேயே ஓடினாளே தவிர, அன்று ஒரு தடவைகூட மெதுவாகப் போங்க என்று அவரிடம் சொல்லவில்லை.